டிக் டிக் நிக்கலைன்னா பெட்ரோல் எங்கயோ போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம்

கேள்வி: "அண்ணா வணக்கம், இங்கிலாந்துல மில்டன் கீன்ஸ்ல இருந்து எழுதறேன். போன வருஷம் ஆசைப்பட்டு 1970 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறந்த பழைய பிரிட்டிஷ் கார்) ஒண்ணு வாங்கினேன், எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர் ரெண்டு. ஃபுல் டேங்க் அடிச்சா ரெண்டு நாளைக்கு கராஜ் முழுக்க பெட்ரோல் வாடை, அரை டேங்க்ல அவ்வளவா இல்ல. போன மாசத்துல இருந்து நிறுத்தின இடத்துல முன்னாடி இடது பக்கம் ஈரமாவும் இருக்கு. பக்கத்துல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன், ஹோஸ் கிளிப்பெல்லாம் டைட் பண்ணிட்டு காசு வாங்கிட்டார், ரெண்டே நாள்ல திரும்ப அதே கதை. சாவி போட்டா பின்னாடி டிக் டிக்னு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு, பழைய வண்டின்னா அப்படித்தான்னு சொல்றாங்க. கராஜ் வீட்டோட ஒட்டினது, பாய்லரும் அங்கதான், துணியெல்லாம் பெட்ரோல் வாடைன்னு வீட்ல தினம் சண்டை. ஊர்ல இருக்கிற மாமா எம்-சீல் வச்சு அடைச்சிடுங்கறார். என்ன பண்ணட்டும்? பேசாம வித்துடட்டுமா? ரெண்டு போட்டோ வச்சிருக்கேன்."

தம்பி, மிச்சத்த அப்புறம் படிக்கலாம், முதல்ல எந்திரிச்சுப் போய் வண்டிய கராஜ விட்டு வெளிய தள்ளுங்க. ஸ்டார்ட் பண்ணி எடுக்காதீங்க, தள்ளுங்க, நியூட்ரல்ல போட்டா ரெண்டு பேர் போதும், அது ஒண்ணும் லாரி இல்ல. அதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள இருக்கிற தெர்மோஸ்டாட்ட குறைச்சு பாய்லர் எரியாம பண்ணிடுங்க, கராஜ் கதவ நல்லா திறந்து விட்டு வாடை போற வரைக்கும் அங்க லைட் சுவிட்சு கூட தொடாதீங்க. சண்டை துணி வாடைக்காக நடக்குதுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அந்த பாய்லர்னு ஒரு வார்த்தைய படிச்சதும்தான் வயித்தக் கலக்கிடுச்சு. பெட்ரோல் ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம், மேல போய் கலைஞ்சு போகாது, தரையோட தரையா தண்ணி மாதிரி பரவி மூலையில போய் உக்காந்துக்கும், மைனஸ் 40 டிகிரியில கூட பத்திக்கிற அளவுக்கு ஆவி விடற சாமான் அது, அதனால இங்கத்த ஜனவரிக் குளிர நம்பி எல்லாம் தைரியமா இருக்க முடியாது. வேலை முடியற வரைக்கும் வண்டி வெளியதான் நிக்கணும், மழை பெஞ்சா கவர் போட்டுக்கலாம்.

சரி இப்ப விஷயத்துக்கு வருவோம். நான் தொழில் கத்துக்கிட்டது கோயம்புத்தூர்ல ஒரு அம்பாசடர் பட்டறையில, உங்க எம்ஜிபிய பிரிக்கிறப்பெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும், ஏன்னா ரெண்டும் ஒரே குடும்பம். அம்பாசடர்ல இருந்த 1489 சிசி என்ஜினும் ஆபிங்டன்ல 1962ல இருந்து 1980 வரைக்கும் பண்ணின எம்ஜிபியோட 1798 சிசி என்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்ங்கற பிஎம்சி காரன் பண்ணின அதே பி சீரிஸ்தான், அங்க ஒரு எஸ்யூ கார்புரேட்டர் இருக்கும் இங்க ரெண்டு இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். எங்க மேஸ்திரி கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ வண்டி எது வந்தாலும் ஸ்பேனர கையில எடுக்கவே விடமாட்டார், "எப்ப ஒழுகுதுன்னு முதல்ல கேளு, எங்க ஒழுகுதுன்னு அப்புறம் பாக்கலாம்"பார். உங்களுக்கு கிளிப் டைட் பண்ணி விட்டவர் ஈரமா இருக்கிற எடத்த பாத்தாரே தவிர எப்ப ஈரமாகுதுன்னு கேக்கல. பெட்ரோல் ஒரு இடத்துல கசிஞ்சு பைப் மேலயே நடந்து போய் ரெண்டு அடி தள்ளி சொட்டும், சொட்டற இடத்துல இருக்கிற கிளிப்ப முறுக்கிக்கிட்டே இருந்தா ஹோஸ்தான் அறுபடும்.

அந்த 'எப்ப'வ நீங்களே அழகா எழுதிட்டீங்க, உங்களுக்குத்தான் அது தெரியல. ஃபுல் டேங்க் அடிச்சா வாடை, அரை டேங்க்ல இல்ல. இது டேங்கோட மேல் பாகத்து சமாச்சாரம். முன்னாடி இடது பக்கம் ஈரம், இது கார்புரேட்டர். டிக் டிக் நிக்கவே மாட்டேங்குது, இதுதான் உங்க லெட்டர்லயே முக்கியமான வரி, அதப் போய் சகஜம்னு சொல்லிட்டாங்க பாருங்க.

அந்தச் சத்தம் எஸ்யூ எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். உங்க வண்டில அது பின்னாடி வலது பக்கம் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கும். உள்ள ஒரு டயாஃப்ரம், ஒரு மேக்னெட் காயில், ஒரு ஜோடி பாயின்ட், ஒவ்வொரு டிக்குக்கும் கொஞ்சம் பெட்ரோல முன்னாடி தள்ளும். சாவி போட்டதும் டிக்டிக்டிக்னு வேகமா அடிச்சு, கார்புரேட்டர்ல ஃப்ளோட் சேம்பர் (பெட்ரோல் நிக்கிற குட்டிக் கிண்ணம்) நிறைஞ்சதும் மெதுவாகி, நின்னுடணும். என்ஜின் ஓடாம இருக்கிறப்ப அரை நிமிஷத்துக்கு ஒரு டிக்குன்னாலே கொஞ்சம் ஜாஸ்திதான். நிக்காம நிதானமா அடிச்சுக்கிட்டே இருந்தா, தள்ளற பெட்ரோல் எங்கயோ வெளிய போய்க்கிட்டு இருக்கு, இல்லைன்னா பம்ப்புக்கு உள்ளயே வால்வு பிடிக்காம டேங்குக்கே திரும்பப் போகுது. நிதானமே இல்லாம மெஷின் கன் மாதிரி தடதடன்னு அடிச்சா அது வேற நோய், டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல காத்து உறிஞ்சுது, இல்ல டேங்க் காலி. பம்ப் வாயத் திறந்து சொல்லுது, நாமதான் காது குடுக்கறதில்ல.

செய்ய வேண்டியது இதுதான். வெளிய, சமதரையில, என்ஜின் நல்லா ஆறின அப்புறம் (ராத்திரி நிறுத்தினத காலைல பண்றது உத்தமம்), பானெட்ட திறந்து கார்புரேட்டர் ரெண்டையும் அடியில எல்லாம் காட்டன் வேஸ்ட்டால சுத்தமா தொடைச்சு, காஞ்சதும் டால்கம் பவுடர கொஞ்சம் தூவி விடுங்க, குழந்தைக்குப் போடற பவுடர் போதும். ஃபயர் எக்ஸ்டிங்குஷர் பக்கத்துல இருக்கணும், ட்ரை பவுடரோ ஃபோமோ எதுவானாலும் சரி, பக்கெட்ல தண்ணி வச்சுக்கிட்டு பிரயோஜனம் இல்ல, தண்ணி ஊத்தினா பெட்ரோல் மிதந்துக்கிட்டு பரவும். அப்புறம் சாவிய மட்டும் போடுங்க, ஸ்டார்ட் பண்ண வேணாம், வீட்ல யாரையாவது பின்னாடி நிறுத்தி டிக்க எண்ணச் சொல்லுங்க, நீங்க பவுடரப் பாருங்க. ஈரம் எங்க ஆரம்பிக்குதோ அங்க வெள்ளை பவுடர் பழுப்பாகி ஒரு கோடு கீழ இறங்கும், கோட்டோட மேல் நுனிதான் லீக். ரெண்டு நிமிஷத்துக்கு மேல சாவிய போட்டே வைக்காதீங்க, டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கிற பாயின்ட் மூடின நிலையில நின்னிருந்தா இக்னிஷன் காயில் சூடாகிடும்.

உங்களுக்கு மூணுல ஒரு இடத்துல அந்தக் கோடு வரும்னு நினைக்கிறேன். ஃப்ளோட் சேம்பருக்கும் ஜெட்டுக்கும் (என்ஜினுக்கு பெட்ரோல் விடற சின்ன துவாரம்) நடுவுல கருப்பா ஒரு நைலான் குழாய் ஓடுதே, அதோட சேம்பர் பக்க முனையில ஒரு குட்டி ரப்பர் சீல் இருக்கும், அது கட்டையாப் போயி கசியும், இது சின்ன வேலை. ரெண்டு கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஹோஸ் வெடிச்சிருக்கலாம், இதுவும் சின்ன வேலைதான். மூணாவது, நான் பந்தயம் கட்டறது, நீடில் வால்வு (சேம்பர் நிறைஞ்சதும் மிதவை தூக்கி பெட்ரோல அடைக்கிற ஊசி) சரியா மூடாம சேம்பர் நிரம்பி மூடி வழியா வழியுது. டிக் டிக் அவ்வளவு நேரம் அடிக்கணும்னா இந்த அளவுக்கு போகணும்.

எதுக்கு மூணாவதுலயே நிக்கறேன்னா நீங்க அனுப்பின ரெண்டாவது போட்டோ. அத பெருசு பண்ணிப் பாருங்க, முன் கார்புரேட்டரோட ஃப்ளோட் சேம்பர் மூடியில இருந்து ஒரு மெல்லிசு குழாய் கீழ இறங்குது, பின் கார்புரேட்டர்ல அது இல்ல, மொட்டையா ஒரு காம்பு மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. ஓவர்ஃப்ளோ குழாய் அது. இந்த வண்டில கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சூடான புகை வெளிய போற இரும்புக் குழாய்) என்ஜினுக்கு ஒரே பக்கம், ஒண்ணு மேல ஒண்ணு கீழ, நடுவுல ஒரு தகடு. வழியற பெட்ரோல் மேனிஃபோல்டு மேல விழாம தரைக்குக் கொண்டு போறதுக்குத்தான் அந்தக் குழாயே. முன்ன வச்சிருந்தவர் யாரோ கழட்டிட்டு திரும்ப மாட்டல. நான் இங்க வந்த புதுசுல வேலை பாத்த இடத்துல இதே மாதிரி குழாய் இல்லாத வண்டி ஒண்ணு, டெஸ்ட் ட்ரைவ் போயிட்டு வந்து ஐடிலிங்ல விட்டிருந்தோம், புஃப்னு ஒரு சத்தம், பானெட் இடுக்குல நீலமா ஒரு வெளிச்சம். பானெட்ட அப்படியே முழுசா தூக்கப் போன பையன் கைய ஓனர் தட்டி விட்டு, இடுக்கு வழியாவே பவுடர அடிச்சார். தூக்கியிருந்தா காத்து கிடைச்சு முகத்துக்கே வந்திருக்கும். பெயிண்ட் கருகினதோட போச்சு, நான் மட்டும் அன்னிக்கு டீ குடிக்கல.

அதனால அந்தக் குழாய் மாட்டற வரைக்கும் வண்டிய ஓட்டக்கூடாது, கடைக்குக் கூட.

கழட்டறது எப்படின்னா, முதல்ல பேட்டரி. சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்ட தூக்கினா ஒரு மூடி இருக்கும், உங்க வருஷத்து வண்டில 6 வோல்ட் பேட்டரி ரெண்டு இருக்கணும், மாத்தி ஒரு 12 வோல்ட்டா போட்டிருந்தாலும் ஒண்ணுதான், எர்த் கேபிள கழட்டி ஓரமா வைங்க. அப்புறம் ஃப்ளோட் சேம்பர் மூடில மூணு ஸ்க்ரூ, எடுத்தா மூடியோடவே ஃப்ளோட் தொங்கிக்கிட்டு வரும். ஃப்ளோட்ட காதுகிட்ட வச்சு இளநி ஆட்டிப் பாக்கற மாதிரி ஆட்டுங்க, உள்ள சளக்னா ஓட்டையாகி பெட்ரோல் குடிச்சிருக்கு, மிதக்காது, தூக்கிப் போட்டுடுங்க. இப்ப உள்ள வெத்திடமே இல்லாம கட்டியா இருக்கிற ஃப்ளோட் கிடைக்குது, அத வாங்கிட்டா இந்தப் பிரச்சினையே வராது. நீடில எடுத்து கூம்பு முனைய நகத்தால தடவுங்க, வளையம் மாதிரி ஒரு பள்ளம் தட்டுப்பட்டா தேஞ்சிருக்கு. புது நீடில் வாங்கறப்ப அது உக்கார்ற சீட்டோட ஜோடியா, முனையில விட்டான் (Viton)ங்கற பெட்ரோல் தாங்கற ரப்பர் வச்சதா கேட்டு வாங்குங்க. மாட்டின அப்புறம் மூடிய தலைகீழா பிடிச்சு ஃப்ளோட்டுக்கும் மூடி விளிம்புக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாக்கணும், 3.2 மில்லிமீட்டர்ல இருந்து 4.8க்குள்ள இருக்கணும், 4 மில்லிமீட்டர் டிரில் பிட் ஒண்ண உள்ள உருட்டிப் பாத்தாலே போதும். இது ரெண்டு கார்புரேட்டருக்கும் பண்ணணும், ஒண்ணு வழியுது இன்னொண்ணு நல்லாருக்குன்னு விடாதீங்க.

இப்ப ஒரு நிமிஷம் நிதானிங்க, நீடில மாத்திட்டு உடனே மூடிடாதீங்க. சேம்பர் அடியில என்ன படிஞ்சிருக்குன்னு பாருங்க. பிரிட்ஜ் கதவுல ஒட்டற காந்தத்த ஒரு பாலித்தீன் கவர்ல சுத்தி அந்த வண்டல்ல விட்டு எடுங்க. பழுப்பு தூள் காந்தத்துல மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தா அது டேங்க் துரு. ஒட்டாம, கருப்பா, விரல்ல தேச்சா மை மாதிரி இழுபட்டா அது ஹோஸோட உள் ரப்பர் கரைஞ்சு வருது. என் கணிப்பு உங்களுக்கு துருதான் வரும், ரெண்டும் கலந்து வந்தாலும் ஆச்சரியமில்ல. அதாவது பின்னாடி டேங்க் மேல அரிக்குது, அந்தத் துரு உள்ள விழுந்து, பம்ப்ப தாண்டி வந்து, நீடில் சீட்ல ஒரு துணுக்கு மாட்டிக்குது, வால்வு மூட மாட்டேங்குது, முன்னாடி வழியுது. நீங்க ரெண்டு லீக்னு எழுதியிருக்கீங்க, எனக்கு இது ஒரே வியாதியோட தலையும் வாலுமா தெரியுது. நீடில மட்டும் மாத்தினா ஒரு மாசம் நல்லாருக்கும், அப்புறம் திரும்ப லெட்டர் எழுதுவீங்க.

எம்ஜிபி டேங்க்ல இது பேர் போன கோளாறு. டேங்க் டிக்கி தரைக்கு அடியில ஒட்டி மாட்டியிருக்கு, நடுவுல ஆடாம இருக்கறதுக்காக பட்டை பட்டையா பேக்கிங் வச்சிருப்பான், டயர் அடிக்கிற தண்ணியும் ரோட்ல போடற உப்பும் அந்தப் பட்டையில ஊறிக்கிட்டு வருஷக்கணக்கா காயாம கிடக்கும், கீழ இருந்து பாத்தா டேங்க் பெயிண்ட் பளபளன்னு இருக்கும், மேல சல்லடை. டேங்க் கொள்ளளவு 12 கேலன், அதாவது கிட்டத்தட்ட 54 லிட்டர், முழுசா அடிச்சாத்தான் பெட்ரோல் அந்த ஓட்டை மட்டத்துக்கு வரும், அதனாலதான் அரை டேங்க்ல நல்ல பிள்ளையா இருக்கு. டேங்க கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் பாத்துக்குங்க, பெட்ரோல் ஊத்தற வாய்க்கும் டேங்குக்கும் நடுவுல இருக்கிற தடி ரப்பர் ஹோஸ், அப்புறம் பெட்ரோல் அளவு காட்டற சென்டிங் யூனிட், அது ஒரு லாக் ரிங்ல நிக்குது, உள்ள ரப்பர் சீல். அதிர்ஷ்டம் இருந்தா இந்த ரெண்டுல ஒண்ணோட முடிஞ்சிடும். லாக் ரிங்க தட்டித் திருப்பறப்ப இரும்பு உளி சுத்தி வேணாம், பொறி பறக்கும், பித்தளைத் துண்டு வச்சுத் தட்டுங்க.

டேங்க கழட்ட வேண்டி வந்தா வரிசைய மாத்தாதீங்க. முன்னாடி கார்புரேட்டர முதல்ல சரி பண்ணி, ஓவர்ஃப்ளோ குழாய மாட்டி, அப்புறம் வண்டிய ஓட்டியே பெட்ரோல கால் டேங்குக்கும் கீழ கொண்டு வாங்க. ஏன்னா இந்த ஊர் சட்டப்படி வீட்ல 30 லிட்டருக்கு மேல பெட்ரோல் வச்சுக்கணும்னா அதிகாரிங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வைக்கணும், பிளாஸ்டிக் கேன்னா ஒண்ணுல 10 லிட்டர், தகர கேன்னா 20. பக்கெட்ல எல்லாம் பிடிச்சு வச்சுடாதீங்க. போல்ட்டெல்லாம் முந்தின நாளே ஆயில் போட்டு ஊற விடுங்க, அவசரப்பட்டா முறிஞ்சுக்கும். கழட்டி மேல ஓட்டை இருந்துச்சுன்னா வெல்டிங் வச்சுப் பத்த வைக்கலாமான்னு கேக்காதீங்க. காலி டேங்க்தான் ஃபுல் டேங்க விட மோசம், உள்ள பூரா ஆவி, தண்ணி ஊத்தி கழுவிட்டேன்னு சொல்லி பத்த வச்சு போய்ச் சேந்தவங்க கதை எல்லா ஊர் பட்டறையிலயும் ஒண்ணு உண்டு. இந்த வண்டிக்கு இன்னும் புது டேங்க் கிடைக்குது, எம்ஜிபி வாங்கினதுல இருக்கிற பெரிய நிம்மதியே அதுதான், வாங்கி மாட்டுங்க. மாட்டறதுக்கு முன்னாடி மேல்பக்கம் நல்லா ஒரு கோட் பெயிண்ட், அது மேல மெழுகு.

மாமாவோட எம்-சீல் விஷயம். மாமா சொல்றது தப்புன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊர் ரோட்ல நடுராத்திரி டேங்க்ல கல் அடிச்சு ஒழுகினா பார் சோப்ப எடுத்து ஓட்டையில தேச்சு அடைச்சு வீடு வந்து சேந்திருக்கோம், சோப்பு பெட்ரோல்ல கரையாது, அருமையா நிக்கும். ஆனா அது வீடு வந்து சேரறதுக்கு. துருப்பிடிச்ச தகட்டுல ஒரு ஓட்டைய அடைச்சா பக்கத்துலயே பத்து ஓட்டை வரிசையில நிக்குது. உள்ள ஊத்தி ஆட்டற லைனர் கெமிக்கலும் எனக்கு பிடிக்காது, சில வருஷத்துல உரிஞ்சு அதுவும் நீடில் சீட்டுக்குத்தான் வந்து சேருது, பாத்திருக்கேன்.

ஹோஸ் எல்லாத்தையும் இதோட மாத்திடுங்க. மேல நூல் பின்னல் போட்ட ஹோஸ் அழகா இருக்கும், உள்ள வெடிச்சா வெளிய தெரியாது, எனக்கு அது வேணாம். ஹோஸ் மேல எஸ்ஏஈ ஜே30 ஆர்9னு அச்சடிச்சிருக்கணும், எத்தனால் கலந்த பெட்ரோல தாங்கற உள் லைனிங் அதுலதான் இருக்கு, ஒண்ணும் அச்சடிக்காத ஹோஸ் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. வாங்கறப்பவே ஒரு முனைய மடக்கிப் பாருங்க, கீறல் தெரிஞ்சா கடைக்காரன்கிட்டயே குடுத்துடுங்க. கிளிப் சின்னதா, பட்டையில பல் ஓட்டை இல்லாத ரகம். பம்ப்புக்கு அப்புறம், கார்புரேட்டருக்கு முன்னாடி ஒரு ஃபில்டர் போடுங்க, கண்ணாடி ஃபில்டர் மட்டும் வேணாம், எக்ஸாஸ்ட் பக்கத்துல கண்ணாடிய தொங்க விடறது தைரியசாலிங்க வேலை.

பெட்ரோல் எது அடிக்கிறீங்கன்னு எழுதல. 2021 செப்டம்பர்ல இருந்து இங்க சாதா பெட்ரோல் இ10, பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால். உங்க வண்டி பொறந்த காலத்து ரப்பருக்கு அது ஆகாது. சூப்பர் அன்லெடட்னு விக்கிறது இ5, காசு கொஞ்சம் ஜாஸ்திதான், நீங்க வாரத்துல ஒரு நாள் ஓட்டற வண்டிக்கு எவ்வளவு ஆகிடப் போகுது, அதையே அடிங்க.

இன்னொண்ணு, 40 வருஷம் தாண்டின வண்டிக்கு எம்ஓடி (வருஷா வருஷம் வண்டிய சோதிக்கிற டெஸ்ட்) தேவையில்லைன்னு விட்டுட்டாங்க இல்லையா, அதுதான் இப்படி ஒரு குழாய் இல்லாம யார் கண்ணுலயும் படாம வண்டி கை மாறி உங்ககிட்ட வந்திருக்கு. எல்லாம் முடிஞ்சதும் ஒரு தடவை நீங்களா போய் எம்ஓடி பண்ணிக்குங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க.

விக்கிறதப் பத்தி கேட்டீங்க. இந்த நிலையில வித்தா வாங்கறவன் வீட்லயும் ஒரு பாய்லர் இருக்கும் தம்பி. சரி பண்ணிட்டு அப்புறம் யோசிங்க.

எல்லாம் மாட்டினப்புறம் பேட்டரிய குடுத்து சாவி போட்டு காது குடுங்க. படபடன்னு கொஞ்சம் டிக், மெதுவா ரெண்டு டிக், அப்புறம் கப்சிப்னு ஆகணும். ஆச்சுன்னா ஃபுல் டேங்க் அடிச்சு, வண்டிக்கு அடியில டிவி வாங்கின அட்டைப் பெட்டிய பிரிச்சு விரிச்சு, நாலு டயரும் எங்க நிக்குதுன்னு பேனாவால குறிச்சு, வெளியவே ஒரு ராத்திரி விடுங்க. காலைல அட்டையில ஏதாவது வட்டம் இருந்தா டயர் குறியோட சேத்து போட்டோ எடுத்து அனுப்புங்க, அந்த வண்டல் ஒட்டின காந்தத்தையும் ஒரு போட்டோ எடுத்து வைங்க, என் கணிப்பு சரியான்னு எனக்கும் பாக்கணும்.